9½ மணி நேரப் பிரயாணம் 13 மணி நேரம் ஆனது ஏன்?

பின்லாந்து நாட்டின் தலைநகரம் ஹெல்சிங்கி. ஜப்பான் நாட்டின் தலைநகரம் டோக்கியோ. இந்த இரண்டு நகரங்களின் விமான நிலையங்களுக்கும் இடையே மிகக் குறுகிய தூரம் சுமார் 7,800 கிலோ மீட்டர்.

2022-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஹெல்சிங்கியில் ஏறிய ஒரு பிரயாணி, சுமார் 9½ மணி நேரத்தில் டோக்கியோவில் இறங்கினார். அதே ஆண்டு மார்ச் மாதத்தில் ஏறியவர் இறங்குவதற்கு 13 மணி நேரம் பிடித்தது.

விமானத்தில் கோளாறு இல்லை. விமானி வழி தவறவும் இல்லை. ஹெல்சிங்கி இருந்த இடத்திலேயே இருக்கிறது. டோக்கியோவும் நகர்ந்து போய்விடவில்லை.

இரண்டுக்கும் நடுவே இருந்த வானம் மூடப்பட்டுவிட்டது!

வீட்டுக் கதவைப் பூட்டலாம். கடைக் கதவைப் பூட்டலாம். வானத்தைப் பூட்ட முடியுமா? முடியும். ஒரு காகிதத்தில் எழுதப்பட்ட உத்தரவு போதும். அந்த உத்தரவினால் ஒரு சிறிய தேசத்தின் விமானக் கம்பெனியே ஆட்டம் கண்டது.

நூல் காட்டும் வழி

முதலில் ஒரு சின்னச் சோதனை.

சுவரில் மாட்டிய உலகப் படத்தை எடுத்துக் கொள்ளுங்கள். ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையே அளவுகோல் வைத்து ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு மத்திய ஆசியாவையும் சீனாவையும் தொட்டுக் கொண்டு போகும். "இதுதான் குறுக்கு வழி" என்று தோன்றும்.

அது சரியல்ல. படம் தட்டை, பூமி உருண்டை.

இப்பொழுது பூகோள உருண்டை ஒன்றை எடுங்கள். ஹெல்சிங்கியில் ஒரு நூலின் முனையை வையுங்கள். மறு முனையை டோக்கியோவில் வைத்து இறுக்கி இழுங்கள். நூல் வடக்கே வளைந்து, சைபீரியாவின் பனிக்காட்டுக்கு மேலே போய், பிறகு தெற்கே இறங்கி ஜப்பானைத் தொடும். உண்மையான குறுக்கு வழி அதுதான்.

அந்த நூலில் பெரும் பகுதி எந்த நாட்டின் மேல் கிடக்கிறது? ரஷியாவின் மேல்!

பின்லாந்துக்கும் ரஷியாவுக்கும் இடையே உள்ள எல்லையின் நீளம் மட்டும் 1,340 கிலோ மீட்டர். ஹெல்சிங்கியிலிருந்து கிழக்கே கிளம்பும் விமானம் அரை மணி நேரத்துக்குள் ரஷியாவுக்குள் நுழைந்துவிடும். ஜப்பான் கடலை நெருங்குகிற வரையில் பெரும்பாலும் அதே நாட்டின் மேல்தான் பறக்க வேண்டும்.

ரஷியா "வராதே" என்றால்?

வானம் யாருக்குச் சொந்தம்?

வானம் எல்லாருக்கும் பொது என்று நினைக்கிறோம். பறவைக்கு அது பொதுதான். விமானத்துக்கு அப்படி அல்ல.

1944-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பல நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. விமானப் போக்குவரத்துக்கு இன்று வரை அதுவே அடிப்படை. அந்த ஒப்பந்தத்தின் முதல் விதியே இதுதான்: ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மேல் உள்ள வானத்தில் முழு அதிகாரம் உண்டு.

ஆகவே, ஒரு நாட்டின் வானத்தைக் கடக்க அந்த நாட்டின் அனுமதி வேண்டும். அனுமதி இருந்தால் கட்டணம் செலுத்திவிட்டுப் போகலாம். இல்லையென்றால் சுற்றிக் கொண்டுதான் போக வேண்டும்.

பக்கத்து வயலின் வரப்பில் நடந்தால் ஊர் பத்து நிமிஷம். வயல்காரர் வேலி போட்டுவிட்டால், ரோட்டைச் சுற்றிக் கொண்டு அரை மணி. வானத்திலும் கதை இதேதான்.

இது முதல் தடவை அல்ல

சைபீரிய வானம் மூடிக் கிடப்பது இது முதல் தடவை அல்ல. சோவியத் யூனியன் இருந்த காலத்தில், மேல் நாட்டு விமானங்கள் அதன் மேல் தாராளமாகப் பறக்க முடியவில்லை.

அதனால் ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்குப் போகிறவர்கள் தெற்கே இறங்கி, பல ஊர்களில் நின்று நின்று போனார்கள். சுமார் 50 மணி நேரம் ஆகும்.

1957-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஸ்காண்டிநேவிய விமானக் கம்பெனி ஒரு புதுப் பாதையைத் திறந்தது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் கிளம்பி, வட துருவப் பிரதேசத்தைக் கடந்து, அமெரிக்காவின் அலாஸ்காவில் இறங்கி எண்ணெய் போட்டுக் கொண்டு, டோக்கியோ போய்ச் சேருவது அந்தப் பாதை. நேரம் 50 மணியிலிருந்து சுமார் 32 மணியாகக் குறைந்தது.

1983-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பின்லாந்தின் விமானக் கம்பெனியான பின்ஏர் இன்னும் ஒரு படி மேலே போனது. எங்கும் இறங்காமல், வட துருவத்தின் மேலாக, ஹெல்சிங்கியிலிருந்து ஒரே மூச்சில் டோக்கியோவுக்கு விமானம் விட்டது. மேற்கு ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்கு நடுவில் நிற்காமல் பறந்த முதல் விமானப் போக்குவரத்து அது.

எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? சுமார் 13 மணி நேரம்.

அதே 13 மணி நேரம்தான் 2022-ல் திரும்பி வந்தது!

பூட்டு திறந்த காலம்

1980-களின் பிற்பகுதியில் சோவியத் அரசாங்கத்தின் பிடி தளர்ந்தது. 1991-ல் சோவியத் யூனியனே கலைந்தது. சைபீரிய வானம் மெல்ல மெல்லத் திறந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகள் கட்டணம் கட்டிப் பறந்தன. ரஷியாவின் ஏரோபிளாட் கம்பெனிக்கு அந்தப் பணம் நல்ல வருமானம் ஆயிற்று.

இதனால் அதிக நன்மை அடைந்த நாடுகளில் ஒன்று பின்லாந்து.

பின்லாந்தின் ஜனத்தொகை சுமார் 55 லட்சம்தான். இவ்வளவு சிறிய தேசத்தில் உள்ளூர்ப் பிரயாணிகளை மட்டும் நம்பிப் பெரிய விமானங்களை ஓட்ட முடியாது. ஆனால் பூகோளம் அதற்குக் கைகொடுத்தது. ஐரோப்பாவின் வடகிழக்கு மூலையில் இருப்பதால், ஆசியாவுக்கு அதுவே பக்கம்!

ஆகவே பின்ஏர் ஒரு திட்டம் போட்டது. ஐரோப்பாவின் பல ஊர்களிலிருந்து பிரயாணிகளை ஹெல்சிங்கிக்கு அழைத்து வர வேண்டும். அங்கே விமானம் மாற்றி, டோக்கியோ, ஓசாகா, சியோல், ஷாங்காய் என்று கிழக்கு நாடுகளுக்கு அனுப்ப வேண்டும். இதற்காகப் புதிய ஏர்பஸ் ஏ-350 விமானங்களை வாங்கியது. ஹெல்சிங்கி விமான நிலையமும் பெரிதாக்கப்பட்டது.

இந்தத் திட்டத்தின் உயிர்நாடி ஒரு சின்னக் கணக்கு.

போக 9½ மணி. வர ஏறக்குறைய 10 மணி. இரண்டும் சேர்ந்து 20 மணிக்குள். ஜன்னல் துடைத்து, சாப்பாடு ஏற்றி, எண்ணெய் நிரப்ப மீதி நேரம். ஆக, இன்று மாலை கிளம்பிய விமானம் நாளை மாலை அதே நேரத்தில் மறுபடியும் கிளம்பத் தயார்! ஒரே ஒரு விமானத்தை வைத்துக் கொண்டு தினசரி சேவை நடத்தலாம்.

24 மணி நேரத்துக்குள் போய் வருவதுதான் பின்ஏரின் பலம்.

ஒரே வாரத்தில் முடிந்தது

2022-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி ரஷியப் படைகள் உக்ரைனுக்குள் புகுந்தன. யுத்தம் மூண்டது.

27-ந் தேதி, ஐரோப்பிய யூனியன் தன் வானத்தில் ரஷிய விமானங்கள் பறக்கக் கூடாது என்று அறிவித்தது. மறுநாள், 28-ந் தேதி, ரஷியா பதிலுக்குப் பதில் கொடுத்தது. 36 நாடுகளின் விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. அந்த 36-ல் பின்லாந்தும் ஒன்று.

பின்ஏர் டோக்கியோ விமானங்களை நிறுத்தியது. பழைய வழி போய்விட்டது. புது வழிக்கு எங்கே போவது? புது வழி எதற்கு? 1983-ம் ஆண்டின் பழைய வழி இருக்கிறதே!

மார்ச் 9-ந் தேதி டோக்கியோ சேவை மறுபடியும் தொடங்கியது. இந்தத் தடவை விமானம் கிழக்கே திரும்பவில்லை. நேர் வடக்கே கிளம்பியது.

துருவத்துக்கு மேலே

அந்தப் பாதையை வீட்டில் இருந்தபடியே கணக்குப் போடலாம்.

ஹெல்சிங்கி வட அட்சம் 60 பாகையில் இருக்கிறது. வட துருவம் 90 பாகை. இடையே 30 பாகை. ஒரு பாகைக்குச் சுமார் 111 கிலோ மீட்டர். ஆகவே துருவம் வரையில் 3,300 கிலோ மீட்டர். துருவத்திலிருந்து, அலாஸ்காவுக்கும் ரஷியாவுக்கும் நடுவே உள்ள பேரிங் ஜலசந்தி வரையில் சுமார் 2,700. அங்கிருந்து ரஷிய எல்லையை ஒதுக்கிவிட்டு, பசிபிக் கடல் மேலாக டோக்கியோவுக்கு இன்னும் சுமார் 5,000. மொத்தம் சுமார் 11,000 கிலோ மீட்டர்!

7,800 எங்கே? 11,000 எங்கே?

துருவத்தில் தூரம் மட்டும் கஷ்டம் அல்ல. அங்கே காந்த ஊசியை நம்ப முடியாது. கடுங்குளிரில் விமான எண்ணெயும் உறையத் தொடங்கும். விமானங்களில் சாதாரணமாக உபயோகிக்கும் எண்ணெய் உறைவது பூஜ்யத்துக்குக் கீழே 47 டிகிரியில். வெளியே குளிர் அதையும் தாண்டக் கூடும். எண்ணெயின் சூட்டை விமானி பார்த்துக் கொண்டே இருக்க வேண்டும். தேவைப்பட்டால் உயரத்தைக் குறைக்க வேண்டும்.

இரட்டை என்ஜின் விமானத்தில் ஒன்று நின்றுவிட்டால், மற்றொன்றை வைத்துக் கொண்டு குறித்த நேரத்துக்குள் ஒரு விமான நிலையத்தை அடைய வேண்டும் என்பது விதி. பனிக்கட்டி மூடிய கடலில் விமான நிலையத்துக்கு எங்கே போவது? அதற்கெல்லாம் முன்னதாகவே திட்டம் போட்டுத்தான் புறப்பட வேண்டும்.

இன்னொரு சுற்று வழியும் உண்டு. தெற்கே இறங்கி, கருங்கடல், காகஸஸ் நாடுகள், கஜகஸ்தான், சீனா, தென்கொரியா வழியாகப் போவது. அன்றைய காற்று எப்படி வீசுகிறது என்று பார்த்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

வட துருவம் கடந்த பிரயாணிகளுக்கு 2022-ல் பின்ஏர் ஒரு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்தது. பிரயாணிகளுக்கு அது ஞாபகப் பொருள். கம்பெனிக்கோ அது நஷ்டக் கணக்கின் முதல் பக்கம்!

3½ மணி நேரம்தானே?

"3½ மணி நேரம்தானே! தூங்கினால் போயிற்று" என்று சிலர் சொல்லலாம். பிரயாணிக்கு அப்படித் தோன்றலாம். கணக்குப் பிள்ளைக்கு அப்படித் தோன்றாது.

முதலாவது, எண்ணெய். சுற்று வழியில் சுமார் 40 சதவீதம் அதிகமாகச் செலவாகிறது.

இரண்டாவது, ஆட்கள். பிரயாண நேரம் கூடினால் விமானிகளுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். அதற்கு அதிகப்படி விமானி வேண்டும்.

மூன்றாவது, அந்த 24 மணிக் கணக்கு. போக 13, வர 13. மொத்தம் 26 மணி. ஒரு நாளில் 24 மணிதான்! இன்று மாலை கிளம்பிய விமானம் நாளை மாலைக்குள் திரும்ப முடியாது. தினசரி சேவைக்கு ஒரு விமானம் போதவில்லை. இரண்டாவது விமானத்திலும் கை வைக்க வேண்டும்.

பிரயாணியின் நாளும் மாறுகிறது. குளிர் காலத்தில் டோக்கியோ கடிகாரம் ஹெல்சிங்கியைவிட 7 மணி நேரம் முன்னால் ஓடும். மாலை 5 மணிக்கு ஹெல்சிங்கியில் கிளம்பினால், பழைய வழியில் மறுநாள் காலை 9½ மணிக்கு டோக்கியோ. சுற்று வழியில் பிற்பகல் 1 மணி. அன்றைய காலை வேலை போயிற்று!

சரக்கும் தப்பவில்லை. நார்வே நாட்டு சால்மன் மீன் பிடித்த பதம் மாறாமல் விமானத்தில் ஜப்பானுக்குப் போகிறது. 2022 மார்ச்சில் விமானங்கள் நின்றதும் அதன் வரத்து தடைபட்டது. ஜப்பான் கடைகளில் விலை ஏறியது. எங்கோ நடக்கும் யுத்தம், யாருடைய தட்டிலோ தெரிந்தது.

பின்ஏர் என்ன செய்தது? கிழக்கே பார்த்துக் கொண்டிருந்த முகத்தை மேற்கே திருப்பியது. 2022-ல் அமெரிக்காவின் டல்லாஸ், சியாட்டில் நகரங்களுக்குப் புதிதாக விமானம் விட்டது. சும்மா நின்ற விமானங்களை ஆட்களோடு சேர்த்து வேறு கம்பெனிகளுக்கு வாடகைக்குக் கொடுத்தது. 2023-ல் பங்குதாரர்களிடம் 57 கோடி யூரோ புதிய மூலதனம் திரட்டியது. கம்பெனியின் பங்குகளில் பாதிக்கு மேல் பின்லாந்து அரசாங்கத்துக்குச் சொந்தம். ஆகவே அந்த நாட்டு மக்களின் பணமும் அதில் உண்டு.

கம்பெனி பிழைத்துக் கொண்டது. 2023-ல் லாபமும் கண்டது. ஆனால் "ஆசியாவுக்குப் பக்கம்" என்ற பழைய பலம் போய்விட்டது.

ஒருவருக்கு மூடினால் ஒருவருக்கு லாபம்

ரஷியா எல்லாருக்கும் வானத்தை மூடவில்லை. சீன விமானங்கள் வழக்கம் போலப் பறந்தன. சீனாவிலிருந்து ஐரோப்பா போவதில் அவர்களுக்குக் குறுக்கு வழி. ஐரோப்பியக் கம்பெனிகளுக்குச் சுற்று வழி. ஒரே ஊருக்குப் போக இருவருக்கும் வெவ்வேறு செலவு. போட்டி எப்படிச் சமமாகும்?

இந்திய விமானங்களுக்கும் ரஷியா வழி விட்டது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் தெரிய வந்தது. 2023-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி, டெல்லியிலிருந்து அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானத்தில் என்ஜின் கோளாறு. ரஷியாவின் தூரக் கிழக்கு மூலையில் உள்ள மகதான் என்ற ஊரில் இறங்கியது. அதில் 216 பிரயாணிகளும் 16 சிப்பந்திகளும் இருந்தார்கள். மாற்று விமானம் போய் அவர்களை அழைத்துச் செல்லும் வரையில் அங்கேயே காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்தியாவுக்குச் சுற்று வழியின் கஷ்டமும் புதிது அல்ல. 2019-ம் ஆண்டு பிப்ரவரியில் பாகிஸ்தான் தன் வானத்தை மூடியது. ஜூலை மாதம்தான் திறந்தது. ஜூலை 2-ந் தேதி வரையில் ஏர் இந்தியாவுக்கு மட்டும் 491 கோடி ரூபாய் நஷ்டம் என்று மத்திய மந்திரி பார்லிமெண்டில் சொன்னார். 2025-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி பாகிஸ்தான் மறுபடியும் மூடியது. ஏப்ரல் 30-ந் தேதி இந்தியாவும் பாகிஸ்தான் விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. டெல்லியிலிருந்து அமெரிக்கா போன விமானங்கள் சில, வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் இறங்கி எண்ணெய் போட்டுக் கொண்டு போயின.

மீறிப் பறந்தால்?

"பிரயாணிகள் விமானம்தானே, மீறிப் பறந்தால் என்ன?" என்று கேட்கலாம்.

1983-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி, அலாஸ்காவிலிருந்து சியோலுக்குப் போன தென்கொரிய விமானம் ஒன்று வழி தவறி சோவியத் வானத்துக்குள் போய்விட்டது. சோவியத் போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் மாண்டார்கள். ஒருவரும் தப்பவில்லை.

உலகமே பதறியது. அடுத்த ஆண்டு, 1984-ல், சிகாகோ ஒப்பந்தத்தில் ஒரு புது விதி சேர்த்தார்கள். பறந்து கொண்டிருக்கும் பிரயாணி விமானத்தின் மீது ஆயுதம் பிரயோகிக்கக் கூடாது என்பது அந்த விதி.

விதி இருந்தது. 2014-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி, ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் போன மலேசிய விமானம் கிழக்கு உக்ரைனின் மேலே ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. 298 பேர் மாண்டார்கள். அந்த வழி அன்று பிரயாணி விமானங்களுக்குத் திறந்துதான் இருந்தது. சண்டை நடக்கும் பூமியின் மேல் குறுக்கு வழி தேடுவது எவ்வளவு ஆபத்து என்பதை அந்த நாள் காட்டியது.

சுற்றிப் போனால் பணம் போகும். நுழைந்து போனால் உயிர் போகும். கம்பெனிகள் பணம் போகட்டும் என்று முடிவு செய்ததில் ஆச்சரியம் இல்லை.

சாவி யார் கையில்?

1957-ல் 32 மணி. 1983-ல் 13 மணி. பிறகு 9½ மணி. 2022-ல் மறுபடியும் 13 மணி.

32-ஐ 13 ஆக்கியது விஞ்ஞானம். நல்ல என்ஜின், பெரிய எண்ணெய்த் தொட்டி, திறமையான விமானிகள் ஆகிய எல்லாம் சேர்ந்து அதைச் சாதித்தன. ஆனால் 13-ஐ 9½ ஆக்கியது விஞ்ஞானம் அல்ல. சைபீரிய வானம் திறந்து வழி விட்டதுதான் காரணம். 9½-ஐ மறுபடியும் 13 ஆக்கியது யுத்தம்.

1983-ல் பறந்த விமானத்தைவிட 2022-ல் பறந்த விமானம் பல மடங்கு சிறந்தது. குறைந்த எண்ணெயில் ஓடக் கூடியது. ஆனாலும் இரண்டுக்கும் ஒரே 13 மணி நேரம்! நாற்பது ஆண்டு முன்னேற்றத்தால் வேலியைத் தாண்ட முடியவில்லை.

2022 பிப்ரவரியில் போட்ட பூட்டு 2025-லும் திறக்கவில்லை. நாளைக்கு இன்னும் நல்ல விமானங்கள் வரலாம். அவற்றால் சுற்று வழியின் செலவைக் கொஞ்சம் குறைக்க முடியும். வழியைத் திறக்க முடியாது.

அந்தச் சாவி விமானிகளிடம் இல்லை. என்ஜினியர்களிடமும் இல்லை. சமாதான மேஜையில் உட்கார வேண்டியவர்களிடம் இருக்கிறது. அவர்கள் உட்காருகிற வரையில், ஜப்பானுக்குப் போகும் பின்லாந்துக்காரர் சுற்றிக் கொண்டுதான் போக வேண்டும்!